பகலில் எரிந்த கிண்ணங்கள்

என் மேசை மேல் ஓர் எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. அடியில் வட்டமாக ஓர் ஓட்டை. விளிம்பில் எதிரெதிராக இரண்டு சின்னத் துளைகள். பாயசம் ஊற்றினால் மடியில்தான் விழும். பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: ‘தாய்மாமன் அன்பளிப்பு’. அந்தத் தாய்மாமன் நான்தான். அக்கா மகளுக்குக் காது குத்தியபோது ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை மைக்கில் இரண்டு தடவை சொல்லவைத்த வள்ளல். ஜோடியில் இன்னொன்றை ஒருநாள் ஆத்திரத்தில் கடைக்கு எதிரே ஓடைக்குள் வீசினேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. யார் யார் மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். வரிசையின் கடைசியில் நிற்பவனைச் சொல்லும்போது மட்டும் பேச்சை மாற்றப் பார்ப்பேன். இன்றைக்கு மாற்றுவதாக இல்லை.

அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், கோவில்பட்டியில் வாடகைக் கார் ஓட்டினார். எண்பதுகளின் தொடக்கம். மூன்று கை மாறி வந்த கறுப்பு அம்பாசடர். கிராமத்து ஆட்களுக்கு எந்தக் காராக இருந்தாலும் ‘பிளசர்’தான். கார் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு எலக்ட்ரிக்கல் கடை. பேட்டரிக்குச் சார்ஜ் போடுவேன், டைனமோ கழற்றிப் பூட்டுவேன், மிச்ச நேரத்தில் வாயடிப்பேன். மூன்றாவது தொழிலில்தான் எனக்கு நல்ல பேர். ஸ்டாண்டில் நான் பட்டப்பெயர் வைக்காத ஆள் கிடையாது. வைத்த பெயர் ஒட்டிக்கொண்டால் பரிசு வாங்கியவன் போலத் திரிவேன்.

சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கத்து ரோட்டை நடுப்பகலில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பருத்திமாரைப் பிடுங்கிய பிறகு இரண்டு பக்கமும் வெடித்துக் கிடக்கும் கறுப்பு நிலம், நடுவே கறுப்புத் தார். அதன் மேல் கண்மாய் உடைத்துக்கொண்டது போலக் கானல் ஓடும். எதிரே வருகிற வண்டி அதற்குள் கரைந்து போகும். ஒருநாள் டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் அத்தானைப் பார்த்து, “அண்ணாச்சி, நேத்துப் பசுவந்தனை ரோட்டுல நீரு வந்ததே தெரியல. தண்ணிக்குள்ள இருந்து எருமை எந்திரிச்ச மாதிரில்லா மூஞ்சிக்கு முன்னால வந்து நின்னீரு” என்றார். கடையே சிரித்தது. என் சிரிப்புத்தான் பெரிது. அத்தான் சிரிக்கவில்லை. பாதி டீயை வைத்துவிட்டு நேரே என் கடைக்கு வந்தார்.

“மாப்ளே, முன்னால ரெண்டு லைட்டு வேணும். பகல்ல எரியணும். சாவியத் திருப்புனா அதுவா எரியணும். நான் மறந்தாலும் அது மறக்கக் கூடாது.”

“எதுக்கு அத்தான்? சூரியனுக்கு வழி தெரியலையாமா?”

“எனக்கு வழி தெரியுதுல. நான் வாரது மத்தவனுக்குத் தெரியணும்.”

பெரிய லைட்டைப் பகல் முழுக்கப் போட்டால் அந்தக் கிழட்டு டைனமோ தாங்காது. ஆகவே இண்டிகேட்டரில் போடுகிற பல்பு இரண்டு எடுத்தோம். அதன் வெளிச்சத்தைக் கூட்டி முன்னால் தள்ள, வளைந்து பளபளப்பாக ஏதாவது வேண்டுமே என்று கடையைக் குடைந்தேன். அத்தான் வீட்டுக்குப் போய், மகளின் கிண்ணங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பின்னாலேயே அக்கா வந்தாள். “சீர்ல வந்த ஏனத்துலயா ஓட்ட போடுதீங்க? ஏலே, நீயும் சேந்துக்கிட்டுக் கூத்தடிக்கியா?” அவள் முன்னாலேயே டிரில்லை இறக்கினேன். ஓட்டையில் ஹோல்டரைச் செருகி, படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் வட்டமாகக் கண்ணாடி வெட்டி வாங்கி, மக்குப் பூசி அடைத்து, விளிம்பில் இரண்டு துளை போட்டு, பம்பருக்கு மேலே பட்டை வைத்துத் திருகாணியால் முறுக்கினேன். ஒயரை இக்னிஷன் சாவியிலிருந்து இழுத்தேன். நல்ல வேலை. என் வேலையை நானே புகழ்வது எனக்குப் புதிதில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் என்னைப் பசுவந்தனை ரோட்டுக்கு ஏற்றிப் போனார். நட்டநடுவில் என்னை இறக்கிவிட்டு, வண்டியை ரொம்பத் தூரம் ஓட்டிப்போய்த் திருப்பினார். முதலில் லைட் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றேன். சத்தம் வருகிறது, வண்டியைக் காணோம். திடீரென்று கானலைக் கிழித்துக்கொண்டு பம்பர் வந்தது. பதறி ஒதுங்கினேன். இரண்டாவது தடவை ஒயரை மாட்டிக்கொண்டு வந்தார். தண்ணீருக்குள் இரண்டு பொட்டு, அவ்வளவு தூரத்திலேயே. வண்டி இல்லை, ரோடு இல்லை, பொட்டு மட்டும் நெருங்கி வந்தது. “தெரியுதால?” என்று கத்திக்கொண்டே வந்தார். “தெரியுது அத்தான்” என்று நானும் கத்தினேன். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், கோவில்பட்டியில் வேறு யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பகலில் லைட் எரியும் வண்டியைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. கையை நீட்டி, விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்து, ‘லைட்டு எரியுது’ என்று சொல்லியே தீருவார்கள். தெரிந்தவர், தெரியாதவர், ஆடு மேய்க்கிறவர், பஸ் ஜன்னலில் இருக்கிறவர், எல்லோரும். எதிரே வருகிறவனுக்கு ரோட்டில் ஒதுங்கி இடம் விட மாட்டார்கள்; இந்தத் தர்மத்தை மட்டும் விட மாட்டார்கள். அத்தான் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டி நன்றி சொல்லிக்கொண்டே ஓட்டினார். விளாத்திகுளம் பக்கம் ஓர் ஊரில் மந்திரி வருகைக்காகக் காத்திருந்தவர்கள், லைட் போட்ட கறுப்புக் காரைக் கண்டதும் வெடியைக் கொளுத்தி மேளத்தைத் தட்டிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் பிள்ளை பெற்றுத் திரும்பிய ஒரு பெண்ணும் அவள் மாமியாரும். மாலையோடு ஓடிவந்த தலைவர், “மந்திரி இல்லேன்னா எதுக்குவே லைட்டப் போட்டுட்டு வாரீரு?” என்று அடிக்கப் போய்விட்டார்.

இந்தக் கதையை ஊர் முழுக்கப் பரப்பியது நான். அத்தானுக்குப் ‘பகல்பந்தம்’ என்று பெயர் வைத்ததும் நான். நான் வைத்த பெயர்களிலேயே அதுதான் வேகமாக ஒட்டியது. கல்யாண வீட்டுக்காரர்கள், “பகல்பந்தம் வண்டி வேண்டாம்ப்பா, சிரிப்பாணியாப் போயிரும்” என்று அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்கள். அக்கா என்னிடம் வந்து, “அவியகிட்ட நீயாவது சொல்லுல. மானம் போகுது” என்று கண்ணைத் துடைத்தாள். அத்தான் மட்டும் அசையவில்லை. “சிரிச்சா என்னட்டி? சிரிக்கவன் என்னையப் பாத்துட்டுத்தான சிரிக்கான். அதுதான் வேணும்” என்றார்.

அந்த வருஷம் எஃப்.சி.க்கு, அதாவது ரோட்டில் ஓடத் தகுதி என்று சான்று வாங்க, வண்டியைக் காட்டியபோது பிரேக் இன்ஸ்பெக்டர் பம்பரைச் சுற்றி வந்து, ஸ்டீல் கிண்ணத்தில் இருந்த எழுத்தை உரக்கப் படித்தார். “தாய்மாமன் அன்பளிப்பா? இது வண்டியா, சீர்வரிசைத் தட்டா? கழத்துய்யா.” பிரேக்கை அவர் மிதித்துக்கூடப் பார்க்கவில்லை. கிண்ணத்தைத்தான் பார்த்தார். நானே திருப்புளியை எடுத்துக் கழற்றினேன். சந்தோஷமாகத்தான் கழற்றினேன், எதற்குப் பொய்? ஒயர் முனைக்கு டேப் சுற்றிவிட்டு, கிண்ணங்களை என் கடைப் பலகையில் வைத்தேன். எஃப்.சி. கிடைத்ததும் திரும்ப மாட்டிவிடுவது என்று பேச்சு.

அன்று சாயந்தரமே அத்தான் வந்தார். “மாட்டிருவமா மாப்ளே?”

“பத்து நிமிஷ வேல அத்தான். நாளைக்கு மாட்டுதேன்.”

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வண்டி ஓட்டுவார், செருகியிருக்கிற ஒயரைப் பிடுங்கி மாட்டுவார்; டேப் சுற்றியதைப் பிரித்து ஒட்டவும் கிண்ணத்தைப் பூட்டவும் தெரியாது. தெரிந்திருந்தாலும், மச்சினன் கடை இருக்க அவர் கை வைக்க மாட்டார். ஒருநாள் பல்பு இல்லை என்றேன். டப்பா நிறையப் பல்பு இருந்தது. ஒருநாள், “அக்காவ அதுல பாயசம் ஊத்தித் தரச் சொல்லுங்க, மாட்டிருவோம்” என்றேன். சிரித்துக்கொண்டுதான் போனார். கல்யாண வாடகைகள் திரும்ப வர ஆரம்பித்திருந்தன. அக்கா முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. இன்னும் நாலு நாள் இழுத்தால் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். பதினோரு நாள் இழுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், பசுவந்தனையில் சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே வந்த ஒரு பஸ், தனக்கு முன்னால் போன மாட்டுவண்டியை முந்துவதற்காக அவர் பக்கம் ஏறி மோதியது. நான் போய்ச் சேர்ந்தபோது அத்தானை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவரின் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். அந்த ஆள் அழுதுகொண்டே சொன்னார்: “எதிர்ல ஒண்ணுமே இல்லீங்க அண்ணாச்சி. சத்தியமாத் தெரியல. கறுப்பு வண்டி, கானலு. பாத்துட்டுத்தான் ஏறுனேன்.” சட்டையை விட்டுவிட்டேன். பொய் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அத்தானுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. மயக்கம் பாதி தெளிந்து கண்ணைத் திறந்தவர், அக்காவைத் தேடவில்லை. என்னைப் பார்த்தார். “மாப்ளே, மாட்டிட்டியா?” என்றார். குத்திக்காட்டவில்லை. நடந்தது எதுவும் அவருக்கு அப்போது நினைவில் இல்லை. வழக்கம்போலக் கேட்டார், அவ்வளவுதான். கடைக்கு ஓடிவந்து ஒரு கிண்ணத்தை ஓடையில் எறிந்தேன். இரண்டாவதைக் கையில் எடுத்தபோது ‘தாய்மாமன்’ என்கிற எழுத்து கண்ணில் பட்டது.

நினைவு திரும்பிய பிறகு, சாகும்வரை, அந்தப் பதினோரு நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். அந்தக் கோபமும் எனக்கு உண்டு. வண்டியைக் காயலான் கடைக்கு விற்றார்கள். பகல்பந்தம் என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் வரிசையாக ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, “விதி அண்ணாச்சி” என்றார்கள். விதியாம். விதிக்கு ஒரு கடை இருந்தது, கார் ஸ்டாண்டுக்குப் பின்னால்.

போன மாதம் அக்கா மகள் புது ஸ்கூட்டர் வாங்கினாள். கிண்ணத்துக்குச் சொந்தக்காரி, அவளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. முன்லைட் பகலிலும் எரிகிறது. “அணைக்க சுவிச்சே கிடையாது மாமா. இப்பம் ஸ்கூட்டர், பைக்கு எல்லாம் இப்படித்தான், சட்டமாம்” என்றாள். சட்டமாம்! வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து சுவிட்சைத் தேடினேன். இல்லை. எவனும் கழற்ற முடியாது, என்னைப் போல ஒருத்தன் வந்தாலும். அவள் பின்னால் உட்கார்ந்து பசுவந்தனை ரோட்டில் போனேன். என் வயதுக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, கையை நீட்டி, விரல்களைக் குவித்து விரித்தார்.

“எரிஞ்சா எரியட்டும்வே! ஒமக்கு என்னவே?” என்று ரோடே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பாவம், அந்த மனிதர் பயந்துவிட்டார். அக்கா மகள் வண்டியை ஓரங்கட்டி, “ஏன் மாமா, நல்லதுதான சொன்னாரு?” என்றாள்.

வீட்டுக்கு வந்து கிண்ணத்தை எடுத்துத் துடைத்தேன். ஹோல்டர் இருக்கிறது. பல்பு ஒன்று பழைய டப்பாவில் கிடக்கிறது. விளிம்புக்கு வேண்டிய இரண்டு திருகாணியும் ஒரு காகிதத்தில் மடித்தபடி அப்படியே இருக்கின்றன. திருப்புளியும் கைக்கெட்டும் இடத்தில்தான். பத்து நிமிஷ வேலை.