மாப்பிள்ளை வாங்காத பொன்னாடை

காரைக்காலை அடுத்த நிரவிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் மாப்பிள்ளைகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அதிலும் என் வீட்டுக்காரர் டிவியில் வரும் கபடி லீக்கில் ஆடுகிறவர். கேட்கவே வேண்டாம். அவர் ஆடும் நாளில் அப்பா சன்னலைத் திறந்து வைத்து டிவி சத்தத்தைக் கூட்டுவார், தெருவே கேட்கட்டும் என்று.

கோயில் திருவிழாவுக்கு நடந்த கபடிப் போட்டியில் அப்பாதான் கமிட்டித் தலைவர். மாப்பிள்ளை எங்கள் தெரு அணிக்காக இறங்கினார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது காலனி அணி. அடுத்த வாரம் எனக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டியவள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தேன். காலனி கேப்டன் என் வீட்டுக்காரரின் இடுப்பைக் கட்டிப்பிடித்து மண்ணில் சாய்த்தபோது, வெட்கமில்லாமல் அதற்கும் கை தட்டினேன். அப்படியொரு பிடி. காலனிதான் ஜெயித்தது.

பிறகு பரிசளிப்பு. எங்கள் ஊரில் ஜெயித்தவர், தோற்றவர் எல்லோருக்கும் துண்டு உண்டு. தெருப் பையன்களுக்குத் தோளில் போர்த்திக் கைகொடுப்பார்கள். காலனிப் பையன்களுக்கு மட்டும் அத்தனை துண்டையும் கேப்டன் கையில் தொப்பென்று போட்டு, "பிரிச்சுக்கங்கப்பா" என்பார்கள். காலகாலமாக இதுதான் வழக்கம்.

அன்றும் அப்பா அப்படியே போட்டார். போட்டுவிட்டு, பொன்னாடையை விரித்துக்கொண்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். இவர் மேடையேறி மைக்கை வாங்கினார்.

"மாமா, அவன் என்னக் கட்டிப் புடிச்சுப் பொரட்டுனான். அப்ப ஒட்டாத தீட்டு, துண்டு போத்துறப்ப மட்டும் எங்கேருந்து வந்து ஒட்டிக்குது? மொதல்ல ஜெயிச்சவங்க தோள்ல போத்துங்க. அப்பறம் நான் வாங்கிக்கிறேன்."

அப்பா பொன்னாடையை மடித்துக்கொண்டார். இவர் இறங்கிப் போய்க் காலனிப் பையன்களோடு மண்ணில் உட்கார்ந்துகொண்டார். அப்பா நேராக என்னிடம் வந்தார்.

"அவரக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு. வளைகாப்புக்கு நாங்க வரமாட்டோம். பிரசவத்துக்கும் நீ இங்க வராத."

அந்த வீடியோ எல்லார் போனிலும் சுற்றியது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் இவரைக் கொண்டாடினார்கள். நானோ காரைக்காலில் எங்கள் வாடகை வீட்டில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு வாரம் வாய மூடிக்கிட்டு இருந்தா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று கத்தினேன். அவர் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஆத்திரம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. முதல் பிள்ளை. அம்மா பக்கத்தில் இல்லாமல் பெற்றுக்கொள்ள எனக்குப் பயமாக இருந்தது.

வளைகாப்பன்று அம்மா வந்து நின்றாள், கையில் புளிசாதமும் எலுமிச்சை சாதமுமாக. திருநள்ளாறு கோயிலுக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். கட்டிக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் காலனி கேப்டனின் மனைவி வந்தாள். நாங்கள்தான் கூப்பிட்டிருந்தோம். கண்ணாடி வளையலை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே தயங்கினாள். அம்மாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு என்ன நினைத்தாளோ, சந்தனக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினாள். "உள்ள வாம்மா. புள்ளத்தாச்சிக்குப் பூசு."

அவள் என் கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் அடுக்கினாள். என் அம்மாவை நினைத்து அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு வந்து சந்தனம் பூசுனத நம்ம ஊர்ல ஒருத்தருகிட்டயும் சொல்லிடாதடி. அப்பாவ நான் எப்புடியாவது சரிக்கட்டி, வந்து ஒன்ன அழைச்சுக்கிட்டுப் போறேன்."

"அப்புடின்னா நான் வரலம்மா" என்றேன்.

வளைகாப்பு முடிந்த மகளை விட்டுவிட்டு, அம்மா தனியாகப் பஸ் ஏறினாள்.