சட்டசபை எழுந்து நின்ற நாள்

எங்கள் தாராவிச் சந்தில் சேம்பர் என்றால் ஒன்றுதான், பொதுக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்த சாக்கடைக் குழி. அதற்கு ஓர் இரும்பு மூடி இருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் இல்லை. பழைய இரும்புக்கு நல்ல விலை உண்டு என்பது ஊரறிந்த சங்கதி. அப்பா வார்டு ஆபீசில் மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். மூடி வரவில்லை, மழை வந்தது. சந்து எது, குழி எது என்று தெரியாமல் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டு என் பின்னால் நடந்து வந்த தம்பி அதற்குள் போய்விட்டான். அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. நான் திரும்பிப் பார்த்தபோது அவனுடைய குடை மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

உலகத்தில் வேறு சேம்பர்களும் உண்டு என்பது அதன் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. வார்டு ஆபீசில் பெரிய அதிகாரி உட்காரும் அறைக்குச் சேம்பர் என்று பெயர். அப்பா தோல் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு அதன் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்து வருவார். யாரோ கைகாட்டிவிட்ட வக்கீலுக்கும் ஒரு சேம்பர் இருந்தது. எம்.எல்.ஏ.வின் சேம்பரில் ஏ.சி. ஓடியது. எல்லாவற்றுக்கும் கனமான கதவும் கதவருகே ஒரு ஆளும் உண்டு. எங்கள் சந்தில் இருந்த ஒன்றுதான் சதா திறந்து கிடந்தது.

கடைசியில் ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தது. அப்பாவின் பிடிவாதத்தால் நான் மராட்டி மீடியத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மழைத் தண்ணீரில் வழுக்கி விழுந்து மரணம் என்று போட்டிருந்தது. குழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பி பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருந்தார்கள். நான் வாசித்து முடித்ததும் அம்மா, அழாமல், அப்பாவிடம் சொன்னாள்.

"எனக்குத் துட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எம்பிள்ள பேரச் சொல்லி, இந்தக் குழியிலதான் விழுந்தாம்னு பெரிய சபையில ஒருத்தராவது சொல்லட்டும். அது போதுங்க."

அப்பா மறுபடியும் எம்.எல்.ஏ.வின் வாசலில் போய் நின்றார். எம்.எல்.ஏ.வைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி போட்டார், தம்பியின் பெயரையும் சேர்த்து. அது எடுத்துக்கொள்ளப்படும் நாளில் பார்வையாளர் மாடத்துக்கு எங்கள் மூன்று பேருக்கும் பாஸ் கொடுத்தனுப்பினார்.

சர்ச்சுக்குப் போகும் உடுப்புகளைப் போட்டுக்கொண்டு, மாகிமில் லோக்கல் ரயில் ஏறி, சர்ச்கேட்டில் இறங்கி நடந்தோம். சட்டசபை வாசலில் பை உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் பையில் தம்பியின் பள்ளிக்கூடப் போட்டோ இருந்தது. அதையும் பையோடு வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பித்தளை டோக்கனைக் கொடுத்தார்கள். மாடத்தில் பேசக் கூடாது, கைதட்டக் கூடாது, கைப்பிடிச் சுவரில் சாயக் கூடாது என்று காவலர் சொல்ல, நான் பெருமையாக மொழிபெயர்த்தேன்.

கீழே தெரிந்ததுதான் சேம்பர்களிலெல்லாம் பெரிய சேம்பர் என்று அப்பா சொன்னார். கார்பெட், மைக்குகள், நடுவில் உயரமாகச் சபாநாயகரின் நாற்காலி. தம்பியின் கேள்வி மூன்றாவது. பதிலை வரிக்கு வரி அம்மாவின் காதில் சொல்வதற்காக நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

சபாநாயகர் எழுந்தார். உறுப்பினர் ஒருவர் முந்தின நாள் மாரடைப்பில் காலமாகிவிட்டதாகச் சொன்னார். அவர் எத்தனை முறை ஜெயித்தவர், எவ்வளவு நல்லவர் என்றெல்லாம் நாலைந்து பேர் பேசினார்கள். பிறகு சபை முழுவதும் எழுந்து நின்றது. காவலர் சைகை காட்ட நாங்களும் எழுந்தோம்.

"எதுக்குங்க எல்லாரும் எந்திச்சு நிக்காவ?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

அப்பா கீழேயே பார்த்துக்கொண்டு, "நம்ம பயலுக்குத்தான்" என்றார்.

அம்மா, சர்ச்சில் செய்வதுபோல, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். டோக்கனை உள்ளங்கையில் இறுக்கியபடி கண்ணை மூடினாள். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தோளை அழுத்தினார், வலித்தது. அந்த இரண்டு நிமிடமும் நான் கீழே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் முதுகைச் சொறிந்தார். இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மௌனம் முடிந்ததும் சபையை அன்றைக்கு ஒத்திவைத்துவிட்டார்கள். கேள்வி இல்லை, பதில் இல்லை. அடுத்த தடவை பார்க்கலாம் என்று எம்.எல்.ஏ.வின் ஆள் வராந்தாவில் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் குழாயடியில் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு வருஷமாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத அம்மா அன்றைக்குப் பேசினாள். "அவ்வளவு பேரும் எந்திச்சு நின்னாவ. மந்திரிமாரும் நின்னாவ. ஒரு சத்தம் இல்ல. எல்லாம் எம்பிள்ளைக்கு."

எதிர்வீட்டு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவு பேருமா?" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் மராட்டியில் முதல் மார்க் வாங்குகிறவள் அல்லவா! "இல்லத்த, அது செத்துப்போன எம்.எல்.ஏ.வுக்கு. தம்பி பேர யாருமே சொல்லல" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

குடம் நிரம்பி வழிந்தது. அத்தை அதை நகர்த்தி வைத்தாள். அம்மா தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் குழியைச் சுற்றி நடந்து வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றிருந்த அப்பா அடிக்கக்கூட இல்லை. "ஒனக்கு எல்லாம் தெரியுமோட்டி?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றுதான் நினைத்தேன். அப்பா சொன்னது பொய், நான் சொன்னது நிஜம். சண்டே ஸ்கூலிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அந்தக் கேள்வி பிறகு வரவே இல்லை. எப்போதோ ஒரு சிமெண்ட் மூடி வந்து குழியை மூடியது. சாகும்வரைக்கும் அம்மா சட்டசபைக்குப் போனதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

இப்போது நான் டோம்பிவிலியில் இருக்கிறேன். ஆபீசுக்குப் போகும் நீண்ட ரயில் பயணத்தில், இத்தனை வருஷம் கழித்து, ஒன்று உறைத்தது. அம்மா தாதரில் மராட்டி வீடுகளில் பதினைந்து வருஷம் பாத்திரம் தேய்த்தவள். மராட்டியில் பேரம் பேசுவாள், சண்டை போடுவாள். யாரோ பெரியவர் இறந்துபோனார் என்று சபாநாயகர் சொன்னது அவளுக்கா புரிந்திருக்காது? தெரிந்துதான் அப்பாவிடம் கேட்டாள். அவரும் தெரிந்துதான் சொன்னார்.

அன்றைக்கு அந்தச் சபையில் என் தம்பிக்காக இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். மூன்றாவது ஆளாக நானும் நின்றிருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.