சீட் கவர்க்காரர் கேட்ட அபராதம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் மிச்சம். மற்றபடி எல்லோருக்கும் அவர் 'அபராதம்'. டிவியில் கார் பந்தயம் ஓடும்போது எவனாவது வெள்ளைக் கோட்டை ஒரு விரற்கடை தாண்டினால் போதும், நாற்காலியை விட்டு எழுந்து, "போடு அபராதம்! பத்து செகண்ட் போடு!" என்று தெருமுனை வரை கேட்கக் கத்துவார். நடுவர்கள் ஐந்து போட்டால் அவர்கள் விலைபோய்விட்டார்கள். பத்து போட்டால் இருபது போட்டிருக்க வேண்டும்.

இந்தக் குணம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. அவருடைய அப்பா, விளக்கில்லாத சைக்கிளில் வருகிறவர்களை மறித்துச் சண்டை பிடிப்பார். தன் சைக்கிளுக்கு அவர் பிரேக்கே வைத்ததில்லை; செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவார். பெரியப்பா இன்னும் ஒரு படி மேல். அவர் சங்கதியை எடுத்தால் இன்றைக்கு முடியாது.

தொழில் சீட் கவர் தைப்பது. கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஒரு சுருக்கம் இருக்காது, சீட்டோடு பிறந்த தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்த அழகுக்காகப் பின்சீட்டில் பெல்ட்டைச் சொருகுகிற பூட்டுகளையெல்லாம் அடியில் அமுக்கிவிட்டு, மேலே துணியை இழுத்துத் தைத்துவிடுவார். கேட்டால், "அதுக்கு ஓட்டை போட்டா, புதுச்சட்டைக்கு நடுவுல ஜன்னல் வெச்ச மாதிரி இருக்கும். பின்னாடி உட்கார்றவன் எவன் பெல்ட் போடறான்?" என்பார். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கார்கள் அவர் கை பட்டவை.

பந்தயம் பார்க்கக் கூட்டாளி, மனைவியின் தம்பி. டாக்சி ஓட்டுகிறவர். அத்தான் எந்த அணியோ அதற்கு எதிரணிதான் அவருக்குப் பிடிக்கும்.

"ரேஸ் கார் ஓட்டறவன் தலைக்கு மேல என்னடா அது, செருப்பு வார் மாதிரி ஒரு வளையம்?"

"அதுதான் அத்தான் உசுரைக் காப்பாத்துது."

"உசுரு மேல அவ்வளவு ஆசை இருக்கறவன் பஸ்ல போகட்டுமே!"

அடுத்து வர்ணனையாளருக்குத் திட்டு விழும். "வளைவு வருது, வளைவு வருதுங்கறான். நமக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று சத்தத்தை அடைத்துவிட்டு, அதே வளைவை அவனைவிட உரக்கத் தானே அறிவிப்பார்.

அடுக்களையிலிருந்து மனைவி சொல்வாள்: "அந்த ஆளையாவது ரிமோட்டால அடக்கலாம்."

ஒருநாள் பந்தயத்தில் ஒரு கார் குப்புறக் கவிழ்ந்து, தரையில் தேய்ந்துகொண்டே போய்ச் சுவரில் மோதியது. ஓட்டுநர் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து கையசைத்தான். அபராதம் எழுந்து நின்று கைதட்டினார். நிறைமாதமாக இருந்த மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வளையம் இல்லேன்னா என்னப்பா ஆகியிருக்கும்?"

"குனிஞ்சிருப்பான்" என்றார், கூசாமல்.

மகள் அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தன் காரில்தான் கூட்டி வருவேன் என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்தார். அதற்கென்றே பழைய கவரைக் கழற்றிவிட்டுப் பாலாடை நிறத்தில் புதிதாகத் தைத்தார். அதில் அவர் மனைவியைக்கூட உட்காரவிடவில்லை. மச்சினனும் சாமான் ஏற்றிப்போக டாக்சியோடு வந்து வாசலில் நின்றார்.

மகள் குழந்தையோடு வந்தாள். பின்னால் அம்மா, குழந்தையைக் காரில் கிடத்துகிற ஒரு குட்டிக் கூடை நாற்காலியைத் தூக்கி வந்தாள். வெளியூரில் வேலையிலிருந்த மாப்பிள்ளை அனுப்பியது. காரின் பெல்ட்டால் கட்டினால்தான் அது சீட்டில் நிற்கும். மகள் பின்கதவைத் திறந்து பார்த்தாள். பட்டை பக்கத்தில் தொங்கியது. அதைச் சொருகப் பூட்டு இல்லை.

"எங்கப்பா பூட்டு?"

"அதெல்லாம் உள்ள பத்திரமா இருக்கும்மா. மடியில வெச்சுக்க முடியாத குழந்தையா இது?"

"பெல்ட் இல்லாம இவ வரமாட்டா. நான் மாமா வண்டியில போறேன்."

டாக்சியின் கதவைத் திறந்தாள். அங்கேயும் பட்டை தொங்கியது, பூட்டைக் காணோம். அபராதத்துக்கு வாய் திறந்துகொண்டது. "இவ்வளவு அறிவில்லாம எவன்டா உனக்குக் கவர் தைச்சான்? வாடகை வண்டிடா இது! அவனைக் கூப்பிட்டு அபராதம் போடணும்!"

"நீங்கதான் அத்தான் தைச்சீங்க" என்றார் மச்சினன்.

ஆஸ்பத்திரிக் காவலாளிகூடச் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை.

"ரெண்டு பேரும் இத்தனை வருஷமா ரேஸ் பார்க்கறீங்க. யார் சீட்டுல முதல்ல பூட்டு வெளிய வருதோ, அந்த வண்டியில உங்க பேத்தி வருவா."

அவர் மச்சினனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "டேய், உன் சீட்டுக்குப் பிறகு புதுசாவே தைச்சுத் தர்றேன். உன்னுதை வெட்டறேன், ஆனா குழந்தை என் வண்டியில..."

"எப்படி? பூட்டு அங்கே, புள்ள இங்கேயா? போங்க அத்தான், போய் வெட்டுங்க!"

கத்தரிக்கோல் அவர் வண்டியிலேயே இருந்தது. டேப்பும் சுண்ணக்கட்டியும் இருந்தன. நியாயமாகப் பார்த்தால் நொடியில் ஜெயித்திருக்க வேண்டும். மனிதர் மண்டியிட்டுப் பூட்டு எங்கே என்று தடவிப் பார்த்தார். டேப்பை வைத்து அளந்தார். கட்டம் வரைந்தார். கோணல் என்று கையால் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தார். கத்தரியைத் துணிமேல் வைத்தபோது கை வரவில்லை. ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்தால்தானே பிசிர் தெரியாது என்று ஊசி தேடப் போனார்.

"என்னங்க, பேத்தியா, துணியா?" என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

"இரு இரு, நேரா வரட்டும்!"

மச்சினன் கார்ச் சாவியைத் தையலில் குத்தி, கோழி உரிக்கிற மாதிரி ஒரே இழுப்பு இழுத்தார். பஞ்சு பிதுங்கிக்கொண்டு பூட்டு வெளியே வந்தது. கூடையை வைத்து, பட்டையை வளைத்து இழுத்தபோது 'டக்'கென்ற சத்தம் இவர் காதுவரை கேட்டது.

குழந்தை ஏறினாள், மகள் ஏறினாள், மனைவியும் முன்சீட்டில் ஏறி யாரும் சொல்லாமலே பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். டாக்சி கிளம்பியது.

அபராதம் ஊசியும் நூலுமாக ஓடி வந்தார்.

"செல்லாது! அவ சொல்லி முடிக்கறதுக்குள்ளயே அவன் சாவியைக் குத்திட்டான்! முன்கூட்டியே கிளம்பினவனுக்குப் போடுங்க அஞ்சு செகண்ட்!"

கண்ணாடியை இறக்கி மனைவி எட்டிப் பார்த்தாள். "போட்டாச்சு, உங்களுக்கு. துணிமணிப் பையும் பிளாஸ்க்கும் அங்கேயே நிக்குது, உங்க வண்டியில ஏத்திட்டு வாங்க."

அவர் அவற்றைப் பாலாடை நிறச் சீட்டில் வைக்க மனமில்லாமல், கீழே கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். சுருக்கம் ஒன்றுகூட இல்லாத அந்தச் சீட்டில் வீடு வரைக்கும் யாருமே உட்காரவில்லை.