செவ்வாயில் சரிந்த மலை, மரக்காணத்தில் ஓடிய அம்மா

லீவுக்கு அப்பாவோடு உப்பளத்தில் இருந்தேன். மதியம் சும்மா இருக்காமல், செவ்வாய் கிரகத்தில் மலை சரிந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை வீட்டிலிருந்த அம்மாவுக்கு அனுப்பினேன்.

"நம்ம உப்புக் குவியல் சரிஞ்சிடுச்சும்மா."

சாப்பிட்டதும் அப்பா தினமும் அந்தக் குவியல் நிழலில்தான் தூங்குவார். அனுப்பும்போது அதை நான் யோசிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மா செருப்பில்லாமல் வரப்பில் ஓடிவந்தாள். அப்பா எழுந்து, "ஏன்டி இப்டி ஓடியார?" என்றார்.

உண்மையைச் சொல்லிவிட்டு அடிக்காகக் காத்திருந்தேன்.

"அந்த மலைக்குக் கீழ யாருனா இருந்தாங்களாடா?"

"அங்க ஆளே கெடையாதும்மா."

"அப்ப சரி," என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தோளில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

செவ்வாயில் மலையே சரிந்தாலும் பதறி ஓடிவர ஆளில்லை.

உங்கள் விளையாட்டுக்கு யார் ஓடிவந்தார்கள்? கமெண்டில் சிரிக்கும் பொம்மை போடாமல் சொல்லுங்கள்.