வட்டைக்குள் இறங்குமுன் ஒரு குளிசை

நோயைக் குணப்படுத்தும் வைத்தியருக்கு நன்றியாக ஊர்க்கோழி கிடைக்கும். நோய் வராமல் தடுக்கும் என் போன்ற சுகாதார வைத்திய அதிகாரிக்குக் குறுக்குக் கேள்விதான் கிடைக்கும். இத்துறையில் தொண்டை வற்றிய தோழர்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

எலிக்கு வக்காலத்து

களுதாவளையிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரையில் ஒரு வட்டையில், அதாவது ஒரே வயல்வெளியில், வேளாண்மை செய்கிற பதினேழு பேர் அவர்கள். சென்ற போகத்தில் அந்த வட்டையில் ஒருவர் எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். ஆகவே இம்முறை விதைப்புக்கு முன்பே போனேன். எலியின் சிறுநீர் வயல்நீரில் கலக்கும், காலிலுள்ள புண்ணும் வெடிப்பும் அந்தக் கிருமிக்குத் திறந்த கதவு என்று விளக்கினேன். வட்டவிதானை சாமித்தம்பி பொறுமையாகக் கேட்டார். அந்த வட்டையில் தண்ணீர் திறப்பதும் வேலை தொடங்குவதும் அவர் சொற்படிதான். கேட்டு முடித்துத் தீர்ப்பளித்தார்:

"அவர எலி கடிக்கல்லியே மகள். பிரேதத்தக் குளிப்பாட்டக்குள்ள நான் கால் கையெல்லாம் பாத்தனான்."

வெற்றிலைப் பை

தடுப்புக் குளிசைகளைக் கொடுத்தேன்: வாரம் ஒருமுறை, உணவுக்குப் பின். இரண்டு வாரம் கழித்துப் போனால் ஒன்றுகூடக் குறையவில்லை. விதானையார் தம் வெற்றிலைப் பையைத் திறந்து, பாக்கோடு படுத்திருந்த குளிசைகளைப் பெருமையாகக் காட்டினார். அவர் விழுங்காததால் மற்றப் பதினாறு பேரும் விழுங்கவில்லை.

"வீணாக்கல்ல மகள். காய்ச்சல் வரட்டும், ஒண்டாப் போட்டுருவன்."

நாக்கு

பல்கலைக்கழகம் கற்பித்த மென்மையான தொடர்பாடல் முறைகளை அன்றோடு கைவிட்டேன். "விதானையார், வெள்ளம் உடைச்ச பிறகா வரம்புக்கு மண் போடுவீங்க? காய்ச்சல் வந்தா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு வரவேணும். பையத் துழாவிக்கொண்டு இருந்தா அடுத்ததா உங்களத்தான் குளிப்பாட்டுவாங்க" என்றேன்.

அவர் குனிந்து தம் வெடித்த குதிகாலைத் தடவிப் பார்த்தார். பின்பு ஒரு குளிசையை விழுங்கினார். விழுங்கியதும் கட்டளை பிறந்தது. சனிக்கிழமை காலைச் சோற்றுக்குப் பின் குளிசை போடாதவன் வட்டைக்குள் இறங்கக் கூடாது! நான் வரம்பில் நின்று ஒவ்வொரு வாயையும் திறக்கச் செய்து பார்த்தேன். குளிசையை நாக்குக்கடியில் ஒளித்த ஒருவர் பிடிபட்டார். அவர் பக்கத்திலிருந்தவரிடம் முறையிட்டார்:

"கலியாணம் முடிச்சு இருவது வருசம், பொஞ்சாதிக்கே நாக்கக் காட்டல்லகா. இந்த மிஸ்ஸுக்குக் காட்ட வேண்டிக் கிடக்கு!"

அறுவடை

அந்தப் போகம் முழுவதும் அயல் வட்டைகளிலிருந்து காய்ச்சல்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தபடியிருந்தனர். இவர்களில் ஒருவர்கூட வரவில்லை. வெட்டு மெசின் இறங்கிய நாளில் போய்ப் பார்த்தேன். பதினேழு பேரும் வெயிலில் வியர்வை வடிய, திடமாக நின்றார்கள். நன்றியை எதிர்பார்த்து நானும் சற்று நிமிர்ந்தே நின்றேன். விதானையார் மற்றப் பதினாறு பேரையும் கூட்டிக்கொண்டு அருகில் வந்தார். அவர் சொல்லச் சொல்ல எல்லாரும் ஆமென்று தலையாட்டினார்கள்.

"பாத்தீங்களா மகள், ஒருத்தருக்கும் காய்ச்சல் வரல்ல. நீங்க சும்மா எங்களப் படாத பாடு படுத்திப் போட்டீங்க."

நிகழாத மரணத்துக்கு எவரும் நன்றி சொல்வதில்லை என்றாலும், உயிரோடிருக்கும் பதினேழு பேர் ஒன்றாகச் சேர்ந்து என்னைக் குறை சொன்னதைவிட இனிய பாராட்டு எந்தப் பட்டமளிப்பு மேடையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.