திடீரென்று இறந்தவர்கள்

என் கணவரின் முன்னோர்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கே தெரியாது. இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு சின்ன கிராமம், அதில் ஒரு தேவாலயம். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று அங்கிருந்த பாதிரியார்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த பதிவேடுகளை யாரோ புண்ணியவான்கள் படம் பிடித்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க, டெக்சாஸில், எங்கள் இர்விங் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்தச் செத்தவர்களோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

இங்கே ஓய்வு பெற்றவர்கள் பலருக்கு வம்சம் தேடும் பைத்தியம் பிடிக்கும். கொள்ளுத்தாத்தா ஒரு பிரபுவாக இருந்திருக்க மாட்டாரா என்ற நப்பாசை. எங்களுக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. எங்கள் மூத்த மகள், பதினான்கு வயதில், பள்ளி நீச்சல் பயிற்சியில் குதித்தவள், மேலே வரவில்லை. உடனே தூக்கிவிட்டார்கள். மீன் மாதிரி நீந்துகிறவள், அவள் மூழ்கவில்லை, இதயம் நின்றிருக்கிறது என்று சொன்னார்கள். ஏன் நின்றது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இளையவளுக்கு அப்போது பத்து வயது. இதயத்தின் மின் ஓட்டத்தில் பிறவிக் கோளாறு இருந்திருக்கலாம், அது குடும்பத்தில் வழிவழியாக வருவது, ஆகவே இவளுக்கும் இருக்கலாம் என்றார் இதய மருத்துவர். இளையவளின் ஈசிஜி அப்படியும் இல்லாமல் இப்படியும் இல்லாமல் எல்லைக்கோட்டில் நின்றது. மரபணுச் சோதனையில் எதுவும் சிக்கவில்லை. தெரிந்த கோளாறுகளைத்தான் அந்தச் சோதனை பிடிக்கும், தெரியாதவை இன்னும் எத்தனையோ என்றார். இப்போதைக்கு மாத்திரை கொடுக்கலாம். நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்தால், இதயம் தடம் புரளும்போது உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்துத் திருப்பிவிடும். ஆனால் போதிய காரணம் இல்லாமல் ஒரு குழந்தையின் நெஞ்சைத் திறக்க அவருக்கு மனமில்லை. அதனால் எங்களிடம் கேட்டார்: உங்கள் இரண்டு குடும்பங்களிலும் இளவயதில் திடீரென்று இறந்தவர்கள் யாராவது உண்டா?

நான் யோசிக்கக்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது என்றேன். தாத்தா எண்பதைத் தாண்டி, கடைசி நாள்வரை வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போனார். அப்பாவைச் சர்க்கரை கொண்டுபோயிற்று. நம் ஆட்களுக்கு இதயம் நின்றால் அதற்கு முன் முப்பது வருடம் பஜ்ஜி தின்றிருப்பார்கள் என்றுகூடச் சொன்னேன். மருத்துவர் சிரிக்கவில்லை.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருடைய அப்பா, இவர் கைக்குழந்தையாக இருந்தபோது, காலியான ஃப்ரீவேயில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், நேராகப் போய்த் தூணில் மோதி இறந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார்கள். அன்று காரில் வீட்டுக்கு வரும்போது, அப்பா தூங்கவில்லை, என்னிடமிருந்துதான் இது வந்திருக்கிறது என்று அவர் மெதுவாகச் சொன்னார். அப்படியெல்லாம் இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது.

இப்படித்தான் அந்தக் கிராமத்துக்குள் போனோம். அவருக்குப் பழைய கூட்டெழுத்து ஓடவில்லை. நாலுகோடு நோட்டில் கான்வென்ட் சிஸ்டரிடம் முட்டியில் அடி வாங்கி ஆங்கிலம் எழுதிப் பழகியவள் நான், எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவர் பக்கத்தைத் திறப்பார், நான் வாசிப்பேன். கூலி வேலைக்காரர்கள், ஒரு கொல்லர், செருப்புத் தைப்பவர், மறுபடி கூலி வேலைக்காரர்கள். ஒரு பெண் ஐந்து குழந்தைகளைப் பெற்றுப் புதைத்துவிட்டு ஆறாவதற்கும் முதல் குழந்தையின் பெயரையே வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தை என்னால் சட்டென்று மூட முடியவில்லை. கைக்குழந்தைகள் காய்ச்சலில் போயிருந்தன, பெண்கள் பிரசவத்தில் போயிருந்தார்கள். நாங்கள் தேடியது அவர்களை அல்ல. ஓடி விளையாடுகிற வயதில், காரணமே இல்லாமல் விழுந்தவர்களைத் தேடினோம்.

ஒருத்தன் கிடைத்தான். பதினைந்து வயதுப் பையன், என் கணவரின் நேர் முன்னோரில் ஒருவருக்குத் தம்பி. அடக்கக் குறிப்பின் ஓரத்தில், ஆலைக் குளத்தில் இறந்தான் என்று பாதிரியார் எழுதியிருந்தார். இவன்தான், இவனேதான் என்றேன். நீந்தும்போது இதயம் நின்று செத்திருக்க வேண்டும் என்று, என்றோ செத்துப்போன ஒரு பிள்ளைக்காக, பூஜை அலமாரி முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். என்ன மாதிரியான தாய் நான் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மாவட்டத்தின் பழைய செய்தித்தாள்களில் அவனைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. உறைந்த குளத்தின்மேல் நடந்திருக்கிறான், பனிக்கட்டி உடைந்திருக்கிறது, கூட இருந்த இரண்டு பேரும் சேர்ந்தே செத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அவன் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கிராமத்தில் இளவயதில் விழுந்தவர்கள் வேறு யாரும் இல்லை. என் கணவரின் வம்சத்தில் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் தப்பியவர்கள் பஞ்சத்திலும் குளிரிலும் கிடந்து, எழுபது எண்பது வயதில்தான் மண்ணுக்குள் போயிருக்கிறார்கள். ஆனாலும் அவர் நம்பவில்லை. ஃப்ரீவேயில் மோதிய அந்தக் காரைப் பிடித்துக்கொண்டு, இன்னும் மேலே போவோம், இன்னும் பழைய பதிவேடுகள் இருக்கின்றன என்றார். ராத்தூக்கம் போய் முகம் இருண்டு கிடந்தார்.

தை மாதத்தில் ஒரு வியாழன் சாயங்காலம் ஊரிலிருந்து சித்தி கூப்பிட்டாள். சித்தப்பாவின் மனைவி. திருநெல்வேலிப் பக்கம், எங்கள் பூர்விக வீட்டில் இருப்பவள். அங்கே வெள்ளிக்கிழமை விடிந்திருந்தது.

"அடுத்த வெள்ளி நம்ம வீட்ல கன்னி கும்பிடுதோம்லா. துணி எடுக்கப் போணும். ஒம் மவளுக்கும் சேத்து எடுக்கணும். அவ என்ன ஒசரம் இருந்தா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "அவளுக்கு எதுக்கு சித்தி?" என்றேன்.

"என்னட்டி இப்பிடிக் கேக்க? கல்யாணம் ஆகாமப் போன பொம்பளப் பிள்ளைக்கு வைக்கணும்லா. அவளும் இனி நம்ம வீட்டுச் சாமிதான்."

எங்கள் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் கன்னி கும்பிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், சீப்பு, மை, ரிப்பன் எல்லாம் வாங்கி விளக்குக்கு முன்னால் வைத்துப் படைத்துவிட்டு, ஓலைப்பெட்டிக்குள் வைத்து மூடுவார்கள். அடுத்த வருடம் புதுசு வைக்கும்போது பழசை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளை யாருக்காவது உடுத்தக் கொடுப்பார்கள். நானும் அப்படி உடுத்தியிருக்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று பாவாடை. சாமிக்கு எதற்கு மூன்று என்று நான் கேட்டதே இல்லை. பிள்ளையார் எப்படிச் செத்தார் என்று யாராவது கேட்பார்களா? கன்னியும் எனக்குச் சாமிதான். மருத்துவர் குடும்பத்தில் இறந்தவர்களைத்தான் கேட்டார். சாமிகளைக் கேட்கவில்லை.

"சித்தி, அந்த மூணு பேரும் யாரு?"

"பழசெல்லாம் எதுக்குட்டி இப்ப?"

"சொல்லுங்க சித்தி."

"மூத்தவ ஒங்க தாத்தாவுக்கு அத்தை. ரெண்டாவது ஒங்க தாத்தா கூடப் பொறந்தவ. சின்னது ஒங்க அப்பாவுக்கு நேர் இளையவ."

அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்ததே எனக்குத் தெரியாது. அப்பா அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் படம்கூட வீட்டில் இல்லை. எப்படிச் செத்தார்கள் என்று கேட்டேன்.

"எல்லாம் காத்து கருப்பு அடிச்சதுதாம். ஒருத்தி கெணத்துல குதிச்சி நீச்சலடிக்கும்போது போனா. ஒருத்தி தீவாளிக்கு வெடிச் சத்தத்துல விழுந்தவ எந்திரிக்கல. ஒங்க அத்தை வாய்க்கால்ல குளிக்கும்போதுன்னு எங்க அத்தை சொல்லிருக்காவ. வெளிய சொன்னா மத்த பிள்ளையள யாரு கெட்டுவா? அதாம் யாரும் பேசுததில்ல."

அவள் 'எங்க அத்தை' என்றது அவளுடைய மாமியாரை, என் அப்பாவின் அம்மாவை. வயது என்ன இருக்கும் என்று கேட்டேன். வயது யாருக்குத் தெரியும் என்றாள் சித்தி. ஆனால் மாமியார் சொல்லிவிட்டுப் போன பாவாடை நீளங்கள் மூன்றும் அவளுக்கு மனப்பாடம். அளவு மட்டும் மாறக்கூடாதாம். கடைக்காரரிடம் எப்போதும் பத்து வயசுக்கு ஒன்று, பன்னிரண்டு வயசுக்கு இரண்டு என்று கேட்டு வாங்குவாளாம். மறுபடியும் உயரத்தைக் கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

என் கணவர் மேஜையில் மடிக்கணினி முன்னால்தான் இருந்தார். முந்நூறு வருடத்துக்கு முந்திய ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, இது என்ன எழுத்து என்று என்னிடம் கேட்டார். மூடிவிடுங்கள், உங்களிடமிருந்து வரவில்லை, என்னிடமிருந்துதான் என்றேன். முழுக்கச் சொல்லி முடித்தபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்ததை அழுது தீர்த்தார். நான் அழவில்லை. நான் பிறந்த வீட்டில், எனக்கு உடுத்திவிட்ட துணியில் இருந்தது இது. தெரிந்திருந்தால் மூத்தவளைத் தண்ணீரிலேயே இறங்க விட்டிருக்க மாட்டேன். இந்த எண்ணத்தோடுதான் தினமும் எழுந்திருக்கிறேன். இதற்கு மருந்தெல்லாம் கிடையாது.

நீச்சல், வெடிச்சத்தம் என்று நான் சொன்னதும் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இந்தக் கோளாறு உள்ள இதயத்தைப் பெரும்பாலும் நிறுத்துபவை நீச்சலும் திடீர்ச் சத்தமும்தான் என்றார். அவருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. அடுத்த மாதமே இளையவளுக்குக் கருவி வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று, "ஐம் நாட் ஸிக், அம்மா" என்றாள், என்னைத் தேற்றுகிற மாதிரி. அதுவரை எனக்குக் காவல் தெய்வங்களாக இருந்தவர்களை இப்போது கும்பிடவே பயமாக இருக்கிறது. பத்தும் பன்னிரண்டும் வயதுப் பிள்ளைகள் அவர்கள்.

இந்த வருடம் தைக்கு முன்னால் சித்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நான்கு பாவாடைகளை வரிசையாகப் பாயில் விரித்திருந்தாள். நான் உயரமே சொல்லாததால், மூத்தவளைக் கடைசியாக ஊருக்குக் கூட்டிப்போனபோது பார்த்த நினைவில் அவளாகவே எடுத்திருக்கிறாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. நாலாவது பாவாடைதான் இருப்பதிலேயே குட்டையாக இருந்தது.

அதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு இளையவளை நினைத்தேன். நாளைக்கு அவளுக்கு ஒரு மகள் பிறந்து, ஏதோ ஒரு மருத்துவர் கேட்டு, ஊரில் மிச்சமிருக்கும் யாராவது இந்தப் பெட்டியைத் திறந்து எட்டு வயதில் இறந்தாள் என்று சொன்னால் அது பொய். மூத்தவளின் அறைக்குப் போய், அவள் கடைசி நவராத்திரிக்குக் கட்டிய பாவாடையை அலமாரியிலிருந்து எடுத்தேன். இஞ்சு டேப்பின் மறுமுனையை என் கணவர் பிடித்துக்கொண்டார். எதற்கென்று சொன்னேன். அந்தப் பெட்டியில் அவள் பெயரை எழுதி வைப்பார்களா என்று கேட்டார்.

இல்லை, நீளம் மட்டும்தான் என்றேன்.