சிவராமனும் தில்லி வேலையும்

சுருக்கெழுத்துக்காரன் பிழைப்பு அடுத்தவர் வாயில் இருக்கிறது. அவர் மூச்சு வாங்கினால்தான் நமக்கும் மூச்சு. பென்சில் பிடித்துத் தேய்ந்த சகோதரர்களே, உங்கள் ஆபீசிலும் ஒரு சிவராமன் இருந்து உங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருப்பார். என்னுடையவர் பாலக்காட்டுக்காரர். யுத்த காலத்தில் ஃபோர்ட் வட்டாரத்தில் ஒரு கம்பெனியில் பக்கத்து மேஜை. மாதுங்காவில் பக்கத்துத் தெரு. தில்லிச் சட்டசபையில் பேச்சுகளை எழுதும் வேலைக்குப் போகவேண்டும் என்பது இருவருக்குமே ஆசை. அவருக்கு அது ஒன்றுதான் ஆசை.

ரயிலில் ஒரு சந்தேகம்

காலை ரயிலில் நான் ஜன்னலோரம் பிடித்துப் பத்திரிகை படிப்பேன். சிவராமன் நின்றபடியே, பக்கத்தில் யார் என்ன பேசினாலும் அதை இடது உள்ளங்கையில் விரலால் எழுதிக்கொண்டு வருவார். நாற்பத்திரண்டில், ஊரெல்லாம் கைது நடந்துகொண்டிருந்த சமயம். கதர்க் குல்லாய்க்காரர் ஒருவர் அவர் கையைப் பிடித்துவிட்டார். "க்யா பாய், சி.ஐ.டி.யா?"

"இல்லை பாய், ஸ்பீட் பிராக்டீஸ்" என்றார் சிவராமன். என்னை அன்றுவரை யாரும் எதற்காகவும் சந்தேகப்பட்டதில்லை. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. குல்லாய்க்காரர் கையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்போ இன்னும் வேகமாப் பேசறேன், எழுது!"

மணிச் சத்தம்

ஒரு நாள் பார்சி மானேஜர் கடிதம் சொல்ல மணி அடித்ததும் நான் முந்திக்கொண்டேன். பென்சிலைக் கூராகச் சீவி, நோட்டைத் திறந்து எதிரே உட்கார்ந்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஓ, நீங்களா? சிவராமனுக்கு உடம்பு சரியில்லையா?"

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

ஞாயிறு மத்தியானம் என் மனைவி கமலம் இங்கிலீஷ் பேப்பரைச் சத்தமாக வாசிப்பாள். நாங்கள் இருவரும் எழுதவேண்டும் என்று ஏற்பாடு. எனக்கு நடுவில் காபி வேண்டும், பிறகு வெற்றிலை. வீட்டுக்கு எதிர் மைதானத்தில் யாராவது சிக்ஸர் அடித்தால் எழுந்து போய் எட்டிப் பார்க்கவேண்டும். ஒரு தடவை திரும்பி வந்தபோது அவள் நாலாம் பக்கத்தில் இருந்தாள். சிவராமன் நிமிரவில்லை.

"எனக்காகக் கொஞ்சம் நிறுத்தக் கூடாதா?" என்றேன்.

கமலம் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அவர் தில்லிக்குப் போகணும்னு எழுதறார். நீங்க தில்லிக்குப் போகணும்னு சொல்லிண்டிருக்கேள்."

பரீட்சை

கடைசியில் அந்த வேலைக்குப் பரீட்சை வந்தது. வாசிப்பவர் வேகம் எடுத்ததும், பாதியில் என் பென்சில் நின்றுவிட்டது. எல்லாரும் குனிந்திருக்க, நான் சிவராமனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் பதற்றமே இல்லை. தூங்கும் குழந்தையின் முகம் மாதிரி இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சுக்குள் எரிந்தது.

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் பரீட்சை முடிந்த அன்று, மாதுங்கா மெஸ்ஸில் இலைக்கு முன்னால் அவர் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வார்த்தை விட்டுப் போச்சு ஓய். சாதம் இறங்கமாட்டேங்கறது."

பாதிப் பேச்சை விட்டிருந்த நான் அன்று இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதில், தில்லி எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கதை முழுவதும் அடங்கிவிட்டது.